நகரம் வளர்ந்தது, முஹல்லா வளர்ந்ததா?

சென்னையில் ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகை வீடு தேடுகிறது என்றால் முன்பெல்லாம் மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, புதுப்பேட்டை, பெரம்பூர் என்ற பெயர்கள்தான் முதலில் வரும். பள்ளிவாசலும் பாங்கோசையும் ஹலால் இறைச்சிக் கடையும் தெரிந்த முகங்களும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே எல்லோரும் பார்த்த முதல் தகுதி. இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் மேடவாக்கம், நாவலூர், மாங்காடு, குன்றத்தூர், ஆவடி, கூடுவாஞ்சேரி என்று நகரின் விளிம்புகளில் குடியேறியிருக்கிறார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் போனவர்கள் உண்டு. வேலை அங்கே மாறியதால் போனவர்கள் உண்டு. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் படிப்புக்காகவும் பணிக்காகவும் நேராக அங்கேயே வந்து இறங்கியவர்களும் உண்டு.

இந்த வளர்ச்சியால் வந்த நன்மைகளை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அங்கே வாழ்பவர்களிடம் சற்று நேரம் உட்கார்ந்து பேசினால், சாலையையும் தண்ணீரையும் பற்றிய குறைகளுக்கு அடியில் வேறொரு கவலை வெளிப்படுகிறது. நமக்கு ஒன்று என்றால் இங்கே யாருக்குத் தெரியும் என்பதே அந்தக் கவலை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேசுகிறோம்.

எவ்வளவு வேகம்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 48.4 சதவீத மக்கள் நகரங்களில் வாழ்ந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அது 44 சதவீதம். முஸ்லிம்களைப் பொறுத்தவரை இந்த விகிதம் இன்னும் அதிகம். சச்சார் குழு அறிக்கை வந்த காலத்திலேயே தமிழக முஸ்லிம்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் நகரவாசிகள். எனவே நகரங்களில் நடக்கும் எந்த மாற்றமும் நம் சமுதாயத்தைத்தான் முதலில் தொடுகிறது.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011 அக்டோபரில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் உள்ளிட்ட 42 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே நாளில் மாநகரமாயின. அதுவும் போதாமல் 2019இல் ஆவடியும் 2021இல் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாயின. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022இல் அரசு ஆணை பிறப்பித்தது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டபோது பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் பெரும்பாலும் வயலும் ஏரியும் வெட்டவெளியுமாக இருந்தன. ஒரு தலைமுறைக்குள் அந்தச் சாலை அடுக்குமாடிகளால் நிறைந்துவிட்டது.

வரைபடத்தில் கோடு போட்டு நகரத்தைப் பெரிதாக்கிவிடலாம். அந்தக் கோட்டுக்குள் வந்த மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் காலம் பிடிக்கும்.

முன்பே இருந்தவர்கள் சொல்வது

புறநகரம் என்று நாம் இன்று சொல்லும் இடங்கள் ஆளில்லாத இடங்களாக இருக்கவில்லை. அங்கே கிராமங்கள் இருந்தன. பல்லாவரம், பூந்தமல்லி போன்ற ஊர்களில் தலைமுறைகளாக முஸ்லிம் குடும்பங்களும் வாழ்ந்து வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட பழைய குடும்பங்களின் பெரியவர்கள் முதலில் பேசுவது நீரைப் பற்றித்தான். கிணற்றில் இறைத்துக் குடித்த தெருவில் இன்று தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம், ஏரி இருந்த இடத்தில் வீடுகள் இருக்கின்றன, மழை பெய்தால் ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வருகிறது என்கிறார்கள்.

இது வெறும் பழம்பெருமைப் பேச்சு அல்ல. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இன்றுள்ளதைப் போலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. அதில் எஞ்சிய சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இழந்ததன் விலையை வேளச்சேரியும் முடிச்சூரும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கண்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள பகுதிகள் மீண்டும் கண்டன. இடையில் 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டி வந்தது. ஒரே ஊர் சில ஆண்டு இடைவெளியில் வெள்ளத்திலும் மிதந்தது, தாகத்திலும் தவித்தது.

பழைய குடும்பங்களின் இன்னொரு வருத்தம், நிலத்தின் விலை உறவுகளுக்குள் புகுந்தது. செண்டுக்குச் சில ஆயிரம் இருந்தபோது அண்ணன் தம்பிக்குள் வராத வழக்கு, லட்சங்கள் ஆனபோது வந்தது. சகோதரிகளுக்கு மார்க்கம் விதித்த வாரிசுப் பங்கைக் கொடுக்காமல் நிலத்தை விற்றுவிட்டு, பிறகு பெருநாளைக்கும் பேசிக்கொள்ளாமல் இருக்கும் குடும்பங்கள் எந்த ஊரில்தான் இல்லை?

புதிதாக வந்தவர்கள் சொல்வது

புதிதாகக் குடியேறியவர்கள் நன்மைகளையும் சொல்கிறார்கள், அதையும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வீட்டருகே கல்லூரி கிடைத்திருக்கிறது. படித்த பெண்கள் கண்ணியமாக வேலைக்குப் போக வாய்ப்பு வந்திருக்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் பத்துப் பேர் ஒரு கழிப்பறையைப் பகிர்ந்த நிலை மாறி, காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு கிடைத்திருக்கிறது. சொந்த ஊரில் குடும்பப் பெயரையும் வசதியையும் வைத்து எடைபோடப்பட்டவர்கள், இங்கே தம் உழைப்பால் அறியப்படுகிறார்கள்.

அதே மக்கள் சொல்லும் சிரமங்களில் முதலாவது வீடு கிடைப்பது. அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு இல்லை என்று நாசூக்காகச் சொல்லப்படும் பதிலின் பொருள் நம் மக்களுக்குத் தெரியும். இதனால் வீடு கொடுக்கும் சில தெருக்களிலேயே நம்மவர்கள் சேர்ந்து வாழ நேர்கிறது. பிறகு இவர்கள் தனியாக ஒதுங்கி வாழ்கிறார்கள் என்ற பேச்சும் வருகிறது. மறுபுறம், எந்தத் தயக்கமும் இல்லாமல் வீடு கொடுத்து, நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழுந்து விளக்குப் போடும்போது முகம் சுளிக்காத சகோதர சமய வீட்டுக்காரர்களும் ஏராளம். அவர்களைச் சொல்லாமல் விட்டால் நாம் நன்றி கெட்டவர்களாவோம்.

இரண்டாவது, கடன். நிலத்தின் விலை ஏறியபின் சம்பளத்தைச் சேர்த்து வைத்து வீடு வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனியாகிவிட்டது. வங்கிக் கடன் என்றால் வட்டி. வாடகை என்றால் ஒவ்வோர் ஆண்டும் உயர்வு. மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருக்கும் லீஸ் முறையிலும், கொடுத்த கடனுக்குப் பலன் அனுபவிப்பதாக ஆகாதா என்ற மார்க்கக் கேள்வி இருக்கிறது. வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்று மேடையில் கேட்கிறோம், எப்படித் தவிர்ப்பது என்று சொல்ல ஆளில்லை என்று இளம் தம்பதியர் கேட்கும் கேள்வியை ஆலிம்களும் ஜமாஅத்தார்களும் செல்வந்தர்களும் சேர்ந்துதான் சந்திக்க வேண்டும்.

மூன்றாவது, தூரம். வேலைக்குப் போகவும் வரவும் நாளில் 3 மணி நேரம் சாலையில் போகிறது. அஸரும் மஃரிபும் பேருந்திலேயே கழிகின்றன. தெற்கு மாவட்டங்களுக்கான பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறியபின், மண்ணடியில் இருப்பவருக்குச் சொந்த ஊருக்குக் கிளம்புவதே ஒரு பயணமாகிவிட்டது. கூடுவாஞ்சேரியில் இருப்பவருக்கோ அது வரப்பிரசாதம். ஒரே மாற்றம் ஒருவருக்கு வசதியாகவும் மற்றவருக்குச் சுமையாகவும் இருக்கிறது.

அனுப்பி வைக்கப்பட்டவர்கள்

விரும்பி வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, விரும்பாமல் அனுப்பப்பட்டவர்களை மறந்துவிடக் கூடாது. கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் குடிசைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். கூரை கிடைத்தது, ஆனால் பிழைப்பு பின்தங்கிவிட்டது என்பதே அம்மக்கள் தொடர்ந்து சொல்லி வருவது. வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்குப் பேருந்துக் கட்டணத்துக்கே கூலி போதவில்லை. ஆண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகளின் படிப்பு நின்றது. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களின் நீண்டநாள் வேதனை.

அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் நம் அண்டை வீட்டார். ஒரே சாலையில் பளபளக்கும் கண்ணாடிக் கட்டடமும் அந்தக் குடியிருப்பும் இருக்க, நாம் ஒன்றுக்கு மட்டும் போய்வந்து மற்றதன் பக்கம் திரும்பாமல் இருப்பது ஒரு முஸ்லிமுக்கு அழகல்ல.

வீட்டுக்குள் நடந்த மாற்றம்

பழைய முஹல்லாவில் பிள்ளை வளர்ப்பு பெற்றோரின் பொறுப்பாக மட்டும் இருக்கவில்லை. தெருமுனையில் நிற்கும் பையனைப் பார்த்து, தொழுகைக்கு நேரமாச்சே, இங்கே என்ன வேலை என்று கேட்க ஒரு மாமாவோ பெரியத்தாவோ இருந்தார். இன்று அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. காலை 7 மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடுகிறது, மாலையில் டியூஷன். ஃபஜ்ருக்குப் பிறகும் மஃரிபுக்குப் பிறகும் நடந்த மக்தப் மத்ரஸாவுக்கு நேரம் எங்கே என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். குர்ஆன் ஓதக் கற்பது பல வீடுகளில் கைபேசித் திரைக்கு மாறிவிட்டது. ஓதத் தெரிந்துவிடும், ஆனால் உஸ்தாதின் முன் உட்கார்ந்து பெறும் அதபும் தோழமையும் திரையில் கிடைக்குமா?

அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் முதியவர்களே. ஊரில் ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்து, தொழுகைக்குப் பின் திண்ணையில் பேசியிருந்த அத்தா, மகனுடன் எட்டாவது மாடியில் இருக்கிறார். பாங்கு கைபேசியில் கேட்கிறது. பள்ளிவாசல் 4 கிலோமீட்டர். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் மாலை வரை பேச ஆளில்லை. வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறது, ஸலாம் சொல்லத்தான் யாரும் இல்லை என்ற அவர்களின் மனக்குறையை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெண்களின் நிலையும் இதுபோலவே. புதிய பகுதிகளின் சிறிய பள்ளிவாசல்கள் பலவற்றில் அவர்களுக்குத் தொழ இடமில்லை, ஒன்றுகூடிப் பேசவும் இடமில்லை.

ஒரு மவுத் நடந்தால்

மேற்சொன்ன எல்லாக் கவலைகளும் ஒரு வீட்டில் மவுத் நேரும்போது ஒன்றாக வந்து நிற்கின்றன. பழைய முஹல்லாவில் செய்தி சொல்ல வேண்டியது ஓர் ஆளிடம்தான். அரை மணி நேரத்தில் குளிப்பாட்டுபவர் வருவார், கஃபன் துணி வரும், சந்தூக் வரும், மையவாடியில் குழி தோண்டத் தொடங்கியிருப்பார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அண்டை வீட்டிலிருந்து சோறு வரும்.

புதிய குடியிருப்பில் மையித்தை எங்கே குளிப்பாட்டுவது என்பதே முதல் கேள்வி. லிஃப்டில் சந்தூக் நுழையாது. பக்கத்துப் பள்ளிவாசலில் சந்தாதாரராகப் பெயர் இல்லை. அந்தப் பள்ளிக்கே சொந்த மையவாடி இல்லாமல் இருக்கலாம். பழைய நகரின் மையவாடிகளிலோ இட நெருக்கடி, அந்தந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களுக்கே முன்னுரிமை. கடைசியில் ஜனாஸாவை ஆம்புலன்ஸில் ஏற்றி 500, 600 கிலோமீட்டர் தள்ளியுள்ள சொந்த ஊருக்கு இரவோடு இரவாகக் கொண்டுசெல்கிறார்கள். அடக்கத்தைத் தாமதிக்க வேண்டாம் என்ற மார்க்கத்தின் அறிவுரை ஒருபுறம், வேறு வழியில்லாத குடும்பம் மறுபுறம்.

பெருநகரத் திட்ட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத நிலத்தைப் பூங்கா போன்ற திறந்தவெளிக்காக ஒதுக்கித் தர வேண்டும். விளையாட இடம் ஒதுக்கச் சட்டம் இருக்கிறது. அடக்கம் செய்ய இடம் வேண்டுமானால் அங்கு வாழ்பவர்கள்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் அங்கே ஒரு ஜமாஅத் உருவாகியிருக்க வேண்டும்.

மதீனா காட்டிய வழி

ஊர் பெருகுவது இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதல்ல. கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்தபின், மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களால் மதீனாவின் மக்கள்தொகை சட்டென உயர்ந்தது. வந்தவர்களிடம் வீடில்லை, நிலமில்லை, அவ்வூரின் வேளாண்மையும் தெரியாது. நபியவர்கள் செய்த முதற்காரியங்களில் ஒன்று பள்ளிவாசல் கட்டியது. மற்றொன்று, வந்தவர் ஒருவரையும் ஊரார் ஒருவரையும் பெயர் சொல்லிச் சகோதரர்களாக இணைத்தது. ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார். கொடுக்கும் மனமும், சொந்தக் காலில் நிற்கும் ரோஷமும் சேர்ந்ததால்தான் அந்த ஊர் வாழ்ந்தது. புகாரியில் பதிவான செய்தி இது.

பனூ ஸலிமா என்ற குலத்தார் மதீனாவின் விளிம்பில் வாழ்ந்தார்கள். பள்ளிவாசலுக்கு அருகில் குடிபெயர அவர்கள் விரும்பியபோது, ஊரின் ஓரங்கள் வெறுமையாவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. தொலைவிலிருந்து நடந்து வரும் காலடிகளுக்கு நன்மை உண்டு என்று நினைவூட்டி, இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். புறநகரில் வாழும் நமக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. நகரின் ஓரமும் ஊர்தான். அங்கும் ஆட்கள் வேண்டும், அங்கும் பள்ளிவாசல் நிறைய வேண்டும்.

பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒருவரைக் காணாமல் நபி (ஸல்) விசாரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவர் இறந்துவிட்டார், அடக்கமும் செய்துவிட்டோம் என்று தோழர்கள் சொன்னபோது, தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ருக்குச் சென்று அவருக்காகத் தொழுதார்கள். முஹல்லா என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒருவர் வராவிட்டால் அதைக் கவனித்து விசாரிக்க ஆள் இருக்கும் இடமே முஹல்லா.

நாம் செய்யக்கூடியவை

புதிய பகுதிப் பள்ளிவாசல்கள் தம் எல்லைக்குள் உள்ள முஸ்லிம் வீடுகளைக் கணக்கெடுக்கலாம். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற வேறுபாடின்றி, சந்தா கொடுக்க இயலாதவரையும் சேர்த்து எழுத வேண்டும். தனியாக இருக்கும் முதியவர், விதவை, நோயாளி யார் என்பது அந்தப் பதிவேட்டில் இருக்கட்டும். ஜும்ஆவுக்கு வரும் இளைஞர்களில் வாரம் இருவர் அவ்வீடுகளுக்குப் போய் ஸலாம் சொல்லி வந்தாலே பாதிச் சுமை இறங்கும்.

மையவாடிக்காக அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிவாசல்கள் இணைந்து முயலலாம். மாவட்ட ஆட்சியரிடமும் மாநகராட்சியிடமும் மனு கொடுப்பது ஒரு வழி. வசதியுள்ளவர்கள் நிலம் வாங்கி வக்ஃப் செய்வது மற்றொரு வழி, ஆனால் உரிய அனுமதி பெற்ற பிறகே அடக்கம் தொடங்க வேண்டும். நிலம் கிடைக்கும் வரை, குளிப்பாட்ட ஓர் அறையும் ஜனாஸா வாகனமும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பழைய நகர ஜமாஅத்தார்கள் விதிகளைச் சற்றுத் தளர்த்தி, இடமற்றவர்களுக்கு இடம் கொடுக்க முன்வர வேண்டும்.

மக்தப் நேரத்தைப் பள்ளிக்கூட நேரத்துக்கு ஏற்ப மாற்றலாம். வார இறுதி வகுப்பு, அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ளேயே ஒரு வீட்டில் வகுப்பு என்று வழிகள் உண்டு. புதிய பள்ளிவாசலுக்கு வரைபடம் போடும்போதே பெண்களுக்கான பகுதியையும் சேர்த்துப் போட வேண்டும். பைத்துல்மால் வழியாக வீட்டு முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது சிறிய ஜமாஅத்துக்கும் இயலக்கூடியதே.

மனை வாங்குமுன் விலையை மட்டும் பார்க்காமல், அது ஏரியா, வாய்க்காலா, மேய்ச்சல் நிலமா என்பதை வருவாய்த் துறைப் பதிவேடுகளில் பாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் மூன்றையும் சரிபாருங்கள். நீரின் இடத்தில் கட்டிய வீடு நம்மையும் மூழ்கடிக்கும், அடுத்தவரையும் மூழ்கடிக்கும்.

குடியிருப்போர் நலச் சங்கங்களில் நாமும் உறுப்பினராக வேண்டும். நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறத் தொடங்கியுள்ளன. குடிநீர், மழைநீர் வடிகால், அடக்கத்துக்கான இடம் ஆகியவற்றை முறையாக எழுப்ப அது சரியான இடம். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களுக்கு வாரிசுரிமையும் வந்துவிடுமோ என்று நபி (ஸல்) எண்ணும் அளவுக்கு ஆனது. குழம்பில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். 2015 வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தவருக்கும் கதவு திறந்ததும், முஸ்லிம் இளைஞர்கள் படகிலும் தோளிலும் மக்களைத் தூக்கி வந்ததும் அந்தப் பாடத்தின் பலன்தான். வெள்ளம் வரும்வரை காத்திராமல், எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பெயர் கேட்பதை இன்றைக்கே செய்யலாம்.

மேம்பாலத்தையும் மெட்ரோ ரயிலையும் அரசு கட்டும். முஹல்லாவை நாம்தான் கட்ட வேண்டும். நாம் குடியேறும் ஒவ்வோர் இடத்தையும் ஒருவரையொருவர் விசாரிக்கும் இடமாக ஆக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.